காசிமேட்டு மொட்டை மாடியிலிருந்து, சொல் ஆக்கித் தருவோருக்கு ஒரு மடல்

விண்வெளித் துறைக்குத் தமிழில் கலைச்சொல் ஆக்கித் தரும் பெரியவர்களுக்கு, வணக்கம்.

பாடப் புத்தகம் எழுதுகிறவர்கள், அகராதிக் குழுவில் இருப்பவர்கள், ராக்கெட் கிளம்பும் நாளில் செய்தி அறையில் அவசர அவசரமாக மொழிபெயர்ப்பவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் நீங்கள் ஆக்கிய சொற்களோடு தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டுகிறேன்.

நான் காசிமேட்டுக்காரி. பகலில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் பேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். இருட்டுகிற நேரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருபது இருபத்திரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். வானம் தெளிவாக இருந்தால் ராக்கெட் போவது எங்கள் மாடியிலிருந்தே தெரியும். எண்ணூர்ப் பக்கம் ஒரு நெருப்புப் பொட்டு எழும்பி, கடல் மேலே சாய்ந்து, பின்னால் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகும். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு ராக்கெட் என்பது புத்தகத்துப் படம் கிடையாது, சொந்த ஊர் விஷயம்.

இன்னொரு காரணமும் உண்டு. ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். அன்றைக்கு வலை காயும், அடுப்புக்கும் அன்றைய வரும்படி இல்லை. ஒரு நாள் பாட்டை விட்டுக்கொடுத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்திருப்பவருக்கு, மேலே போவது என்ன, எதற்காகப் போகிறது என்று அவருடைய வாய்மொழியிலேயே தெரிய வேண்டும். இதை நான் சலுகையாகக் கேட்கவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். உங்களுக்கு வேண்டிய சொற்களில் பாதி ஏற்கெனவே எங்கள் தெருவில் புழங்கிக்கொண்டிருக்கின்றன. வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இது எனக்கு உறைத்தது 2023 ஜூலை 30 அன்று. ஞாயிற்றுக்கிழமை காலை 6.30 மணிக்கு பி.எஸ்.எல்.வி. சி-56 ராக்கெட் கிளம்பியது. ஞாயிறு என்றால் காசிமேட்டு மார்க்கெட்டில் கால் வைக்க இடம் இருக்காது. கீழே அத்தனை இரைச்சல், மாடியில் பிள்ளைகள் எல்லாரும் வடக்கே பார்த்தபடி நிற்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் புத்தகத்தில் படித்த 'தாங்குசுமை' என்ற சொல்லைக் கொண்டுவந்தான். "அக்கா, இது ராக்கெட்டைத் தாங்குற சுமையா, ராக்கெட் தாங்குற சுமையா?" என்று கேட்டான். நான் 'பேலோடு' என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். ராக்கெட் மேலே கொண்டுபோகிற பொருள் என்றேன். "அப்ப ராக்கெட்டோட இன்ஜினு, டேங்கு எல்லாமும் மேலதானே போவுது, அதெல்லாம் பேலோடு இல்லியா?" என்றான். நியாயமான கேள்வி.

அவனைக் கூட்டிப்போக வந்திருந்த அவனுடைய நைனா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். படிக்கட்டில் நின்றபடியே சொன்னார்: "டேய், அது சவாரிடா. வண்டி வேற, சவாரி வேற. துட்டு குடுக்கிறது சவாரிதானே?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆங்கிலச் சொல்லின் பொருளும் அதேதான்: ஏற்றிய சுமையில் கூலி தரும் பங்கு. அன்றைக்குப் போன ராக்கெட்டில் சிங்கப்பூரின் 360 கிலோ செயற்கைக்கோள் ஒன்று பெரிய சவாரி. கூடவே ஆறு சின்னச் சவாரி. அந்தச் சின்னவற்றை இஸ்ரோவே 'கோ-பாசஞ்சர்', அதாவது சக பயணி என்றுதான் சொல்கிறது. 2017 பிப்ரவரி 15 அன்று பி.எஸ்.எல்.வி. சி-37 ஒரே பயணத்தில் 104 சவாரி ஏற்றியது. அத்தனையும் சேர்த்து 1,378 கிலோ. ராக்கெட்டோ கிளம்பும்போது 320 டன். இந்தக் கணக்கைச் சொன்னதும் அந்த நைனா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப வண்டி முழுக்க பெட்ரோல்தான்னு சொல்லு" என்றார். ராக்கெட் இயலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து மாடித் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் கறுப்புப் பெயின்ட் அடித்து, ஒவ்வொரு சொல்லாக எழுதி வருகிறோம். ஒரு சொல்லைச் சுவரில் ஏற்ற எங்களிடம் ஒரே விதிதான். பிள்ளை அதைக் கீழே போய் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அம்மா "அப்டீன்னா இன்னா?" என்று கேட்காமல் தலையாட்ட வேண்டும்.

பெரியவர்களே, தரையில் புழங்கும் சொல்லை விண்வெளிக்குத் தூக்குவது கௌரவக் குறைச்சல் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. ஆங்கிலத்தில் நடந்ததே அதுதான். 'ஜிம்பல்' என்பது கப்பல் எவ்வளவு ஆடினாலும் திசைகாட்டி மட்டமாக நிற்பதற்காக மாட்டிய வளையம். 'அல்லேஜ்' என்பது ஒயின் பீப்பாயின் மேல்பக்கம் நிரம்பாமல் காலியாகக் கிடக்கும் இடம். இன்று ராக்கெட் டேங்கின் காலி இடத்துக்கும் அதே பெயர். 'பிட்ச்', 'ரோல்', 'யா' மூன்றும் கப்பலின் ஆட்டத்துக்கு வைத்த பெயர்கள். 'அம்பிலிகல்' என்பது தொப்புள்கொடி. கிளம்பும் வரை ராக்கெட்டுக்கு மின்சாரமும் எரிபொருளும் ஊட்டிவிட்டு, கிளம்பும் நொடியில் கழன்றுகொள்ளும் குழாய்களும் கம்பிகளும்தான் அது. நமக்கும் தொப்புள்கொடி என்றே இருக்கட்டும், அதற்கு மேல் ஒரு சொல் தேவையில்லை. மாலுமியும் பீப்பாய்க்காரரும் பாரவண்டிக்காரரும் மருத்துவச்சியும் கொடுத்த சொற்களை வைத்துத்தான் அவர்கள் நிலாவுக்குப் போனார்கள். நம் துறைமுகத்திலும் சொற்கள் இருக்கின்றன.

ஜிம்பலையே எடுத்துக்கொள்ளுங்கள். ராக்கெட்டின் இன்ஜினை அப்படியே சாய்த்து, அது நெருப்பைத் துப்பும் திசையை மாற்றி, ராக்கெட்டைத் திருப்புவார்கள். ராக்கெட் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கட்டங்கள். பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்து விகாஸ் இன்ஜின் இப்படித்தான் வேலை செய்கிறது. பிள்ளைகளுக்கு இதை விளக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஃபைபர் போட்டில் சுக்கான் கிடையாது. பின்னால் மாட்டியிருக்கும் மோட்டாரையே கைப்பிடியைப் பிடித்துத் திருப்ப வேண்டும், போட்டு திரும்பிவிடும். கரையோரத்துப் பிள்ளைக்கு இது நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும்.

'ஆட்டிட்யூட்' என்ற சொல்லில்தான் முதலில் சிரிப்பு கிளம்பியது. எங்கள் தெருவில் ஆட்டிட்யூட் காட்டுவது என்றால் திமிர் காட்டுவது. செயற்கைக்கோளுக்கு என்ன திமிர் என்று பெண் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விண்வெளியில் அது, கலம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைக் குறிக்கும் சொல். கேமரா பூமியைப் பார்க்க வேண்டும், சூரியத் தகடு சூரியனைப் பார்க்க வேண்டும், ஆண்டெனா தரை நிலையத்தைப் பார்க்க வேண்டும். புத்தகத்தில் 'மனப்பான்மை' என்று யாரும் போட்டுவிடாதிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நங்கூரம் போட்ட போட்டைப் பார்த்து எங்கள் ஆட்கள் "காத்துக்கு முகம் குடுத்து நிக்குது" என்பார்கள். வீடு பார்க்கப் போனாலும் கிழக்கு முகமா, வடக்கு முகமா என்றுதான் கேட்கிறோம். முகம். சுவரில் ஏற்றிவிட்டோம்.

அடுத்தது 'டாக்கிங்', விண்வெளியில் இரண்டு கலங்கள் ஒன்றோடொன்று சேர்வது. 2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்கு ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் இரண்டும் கிளம்பின. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 220 கிலோ. 2025 ஜனவரி 16 அன்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்குப் பிறகு இதைச் செய்த நாலாவது நாடு நாம். நடுவில் இரண்டு வாரமும் பிள்ளைகள் தினமும் என்னிடம் தூரம் கேட்டார்கள். 500 மீட்டர், 225 மீட்டர், 15 மீட்டர், 3 மீட்டர், அப்புறம் பின்வாங்கிவிட்டது என்றதும் ஒரே முகவாட்டம். "இன்னாத்துக்கு இவ்ளோ மெதுவா?" என்று ஒருத்தி கேட்டாள். மறுநாள் சாயங்காலம் அவர்களைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனேன்.

காசிமேட்டில் இடம் கிடையாது. போட்டுக்குப் பக்கத்தில் போட்டு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று தோளோடு தோள் ஒட்டிக் கட்டியிருப்பார்கள். ஒரு விசைப்படகு உள்ளே வந்தது. டிரைவர் தூரத்திலேயே இன்ஜின் வேகத்தைக் குறைத்தார். கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஒருவர் கயிற்றைச் சுருட்டிப் பிடித்து நிற்கிறார். போட்டின் விலாவில் பழைய டயர்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், மோதினால் அடி படாமல் இருக்க. கடைசி இரண்டு ஆள் நீளத்தை அந்தப் படகு கடந்த விதத்தைப் பார்த்தால், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவது மாதிரி இருந்தது. கயிறு பறந்தது, அந்தப் பக்கத்தவர் பிடித்தார், டயர் ஒருமுறை நசுங்கி மூச்சு விட்டது. "அணைஞ்சுட்சு" என்றான் ஒரு பையன்.

அணைதல். கரை அணைந்தது என்று நாம் காலம் காலமாகச் சொல்கிறோமே, அது. ஸ்பேடெக்ஸ் கலங்கள் நெருங்கிய கடைசி வேகம் விநாடிக்கு 10 மில்லிமீட்டர் என்ற அளவில் இருந்தது. அந்த மென்மைக்கு 'இணைப்பு' என்ற சொல் போதாது. ரயில் பெட்டியையும் இணைக்கிறார்கள், காஸ் சிலிண்டரையும் இணைக்கிறார்கள். விளக்கை அணைப்பதோடு குழம்பும் என்று உங்களில் ஒருவர் சொல்லலாம். விளக்கை அணைப்போம், குழந்தையையும் அணைப்போம், நமக்கு ஒருநாளும் குழம்பியதில்லை.

ராக்கெட் கிளம்பத் தோதான நேரத்துக்குப் பெயர் 'லாஞ்ச் விண்டோ'. அதை 'ஏவு சாளரம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். சாளரம் அழகான சொல்தான், ஆனால் ராக்கெட் ஜன்னல் வழியாகப் போகிறதா என்று கேட்டால் என்ன சொல்வது? கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஒருமுறை நின்று பாருங்கள். கேட் மூடியிருக்கும். கூட்ஸ் வண்டி போகும், அப்புறம் மின்சார ரயில் போகும், அப்புறம் இன்னொரு கூட்ஸ். ஸ்கூட்டரும் ஆட்டோவும் தண்ணி லாரியும் இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருக்கும். கேட் தூக்கினதும் கிளம்பினால் கிளம்பியதுதான். விட்டால் அடுத்த தூக்கல் வரை நிற்க வேண்டும். விண்வெளியில் நிலா வந்து நிற்க வேண்டிய இடம், பூமி சுழல்வது, மேலே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் கலங்கள் எல்லாம்தான் அந்த கேட்டை மூடித் திறக்கின்றன. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 குறித்த நேரத்துக்கு 4 விநாடி தள்ளிக் கிளம்பியது. மேலே போகும் வழியில் வேறு ஏதோ ஒன்றின் பாதை குறுக்கே வந்ததுதான் காரணம். நாலே விநாடி! எங்கள் பிள்ளைகள் சுவரில் எழுதிய சொல் 'கேட் நேரம்'. தூய தமிழ் வேண்டுமென்றால் 'திறப்பு நேரம்' என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சம்மதம்.

கவுண்ட்டவுனுக்குப் பிள்ளைகள் சொல் தேடவே இல்லை, 'கீழெண்ணிக்கை' என்றதும் ஒத்துக்கொண்டார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் எத்தனையோ ராக்கெட்டுக்கு எண்ணிய குரல் வளர்மதி அம்மாவுடையது. சந்திரயான்-3க்கும் எண்ணியவர் அவர்தான். அந்த 2023 செப்டம்பரிலேயே மறைந்துவிட்டார். எங்கள் மாடியில் ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பு, அவரைப் போலவே பதற்றமில்லாமல் எண்ணிப் பழகுகிறாள். தமிழில்.

எனக்கு மிகவும் நெருக்கமான சொல்லுக்கு வருகிறேன். 'கிரையோஜெனிக்.' இது என் வேலைக்குப் பக்கத்து வீட்டுச் சொல்.

எங்கள் பேக்டரியில் பெரிய தொட்டி ஒன்று. அதில் உப்புத் தண்ணீர். அமோனியா ஓடும் குழாய்கள் அதைக் குளிர வைத்துக்கொண்டே இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உப்பு இருப்பதால் அது உறையாது. அதற்குள் நல்ல தண்ணீர் ஊற்றிய நீளமான தகரக் கேன்களை இறக்கிவைப்பார்கள். மறுநாள் தூக்கும்போது உள்ளே ஐஸ் பார். கேனைச் சாதாரணத் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்தால்தான் பார் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். புது ஆள் வெறுங்கையால் கேனைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் இதைப் பார்த்திருக்கிறார்கள். இதுதான் அவர்களுக்குத் தெரிந்த உச்சபட்சக் குளிர். அவர்களிடம் நான் சொன்னேன்: ராக்கெட்டில் ஆக்சிஜனை மைனஸ் 183 டிகிரிக்குக் கொண்டுபோனால் அது காற்றாக இருக்காது, இளநீல நிறத்தில் திரவமாகிவிடும். ஹைட்ரஜனுக்கு மைனஸ் 253 வரை போக வேண்டும். ஒரு நிமிடம் மாடியில் சத்தமே இல்லை. பிறகு ஒரு வாண்டு, "காத்தைத் தண்ணியாக்கிட்டாங்களாக்கா?" என்றான்.

'காத்துத்தண்ணி' என்று சுவரில் எழுதிவிட்டான். வேதியியல் படித்தவர் வாயு வேறு, காற்று வேறு என்று திருத்துவார். அது சரிதான். அதனால் பக்கத்தில் 'கடுங்குளிர் எரிபொருள்' என்றும் எழுதி வைத்திருக்கிறேன். இருந்தாலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை அந்த விஷயத்தின் உயிரைப் பிடித்துவிட்டதை நீங்கள் கவனிக்க வேண்டும். இந்தக் கடுங்குளிர் இன்ஜினை நாமே செய்து பறக்கவிட நாம் பட்ட பாடும் சாதாரணமானது இல்லை. 2010 ஏப்ரலில் முதல் முயற்சி தோற்றது. 2014 ஜனவரி 5 அன்றுதான் ஜி.எஸ்.எல்.வி. டி-5 ராக்கெட் ஜெயித்தது.

அந்த எரிபொருளை ஏன் கடைசி மணி நேரங்களில் மட்டும் நிரப்புகிறார்கள் என்று கேட்டால், காசிமேட்டில் எல்லாருக்கும் பதில் தெரியும். போட்டுக்கு ஐஸ் எப்போது ஏற்றுவோம்? டீசல், தண்ணி, அரிசி, பருப்பு எல்லாம் ஏற்றி முடித்த பிறகுதானே? முந்தின நாளே ஏற்றினால் கடலுக்குப் போகும் முன்பே பாதி ஓடையாகிவிடும்.

இங்கே என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் விசைப்படகு ஓட்டியவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஓர் இரவு, எல்லாம் ஏற்றியாகிவிட்டது, அறையில் ஐஸ் கொட்டி மூடியாகிவிட்டது, ஆட்கள் ஏறிவிட்டார்கள். அப்பா இன்ஜின் மூடியில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "சத்தம் சரியில்ல. இன்னிக்கு வேணாம்" என்றார். போட்டின் சொந்தக்காரர் கரையில் நின்று கத்தினார். ஐஸ் காசு யார் தருவது, டீசல் காசு யார் தருவது. அப்பா இறங்கி வந்து படுத்துவிட்டார். காலையில் மெக்கானிக் பிரித்துப் பார்த்தபோது, இன்ஜினுக்குக் குளிர்ச்சித் தண்ணீர் ஏற்றும் பம்பில் கசிவு. நடுக்கடலில் போயிருந்தால் இன்ஜின் கட்டிக்கொண்டிருக்கும்.

2019 ஜூலை 15 அதிகாலை, சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிடம் 24 விநாடி இருக்கும்போது எண்ணிக்கையை நிறுத்தினார்கள். கோடிக்கணக்கானோர் விழித்துக்கொண்டு பார்த்திருந்த இரவு அது. எவ்வளவு கஷ்டமான முடிவு! ஒரு வாரம் கழித்து 22-ஆம் தேதி பத்திரமாகக் கிளம்பியது. அன்று எண்ணிக்கையை நிறுத்தியவரின் முகம் எனக்குத் தெரியாது, அப்பாவின் முகம்தான் ஞாபகம் வருகிறது. ஆகவே செய்தி எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள்: இப்படி நிறுத்தும்போது 'ராக்கெட் பயணம் ரத்து' என்று கொட்டை எழுத்தில் போடாதீர்கள். ரத்து என்றால் இனிமேல் இல்லை என்று அர்த்தம். 'இன்று இல்லை' என்று போடுங்கள். கரையில் நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம்.

'ஸ்லாஷ்' என்ற சொல்லை எந்தக் குழுவும் யோசிக்க வேண்டாம். தளும்பல். ராக்கெட் டேங்கில் எரிபொருள் தளும்பினால் ராக்கெட்டே ஆட்டம் காணும். 2007 மார்ச்சில் அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியுடைய ஃபால்கன்-1 ராக்கெட்டின் இரண்டாவது பயணம் மேல்கட்டத்து டேங்கில் ஆக்சிஜன் தளும்பியதில்தான் கெட்டது. அதைத் தடுக்க டேங்குக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பார்கள். எங்கள் ஆயா லாரித் தண்ணி பிடித்து இரண்டு தெரு நடந்து வரும்போது குடத்துக்குள் ஒரு வேப்பங்கொத்தைப் போட்டுக்கொள்வாள். தண்ணீர் ஒரு சொட்டு சிந்தாது. அவளுக்கு அது தகடு, எங்களுக்கு அது பாடம்.

இன்ஜின் அணைந்த பிறகும் கட்டம் தன் வேகத்திலேயே போய்க்கொண்டிருப்பதை 'கோஸ்டிங்' என்பார்கள். இதற்கு எங்கள் பிள்ளைகள் கேரம் போர்டைக் காட்டினார்கள். போரிக் பவுடர் போட்ட போர்டில் சுண்டிவிட்ட காய் எப்படிப் போகும்? விரல் விட்டுவிட்டது, ஓட்டம் விடவில்லை. 'விட்ட ஓட்டம்' என்று எழுதியிருக்கிறோம்.

இப்போது எனக்குக் கொஞ்சம் வருத்தம் உள்ள இடம். 'பெரிஜி', 'அபோஜி' இரண்டுக்கும் புத்தகத்தில் புவி அண்மை, புவி சேய்மை என்று இருக்கிறது. சேய்மை பழைய, நல்ல சொல் என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குச் சேய் என்றால் குழந்தை. பரீட்சையில் மாற்றி எழுதி மார்க் இழக்கிறார்கள், விஷயம் புரிந்தும் இழக்கிறார்கள். தமிழில் நாக்கு நுனியில் இருக்கிறதே இரண்டு சொல்: கிட்ட, எட்ட. எட்ட நின்று பேசு, கிட்ட வா. நீள்வட்டப் பாதையில் பூமிக்கு நெருங்கும் இடம் கிட்டம், விலகும் இடம் எட்டம். சொல் இரண்டும் எதுகையோடு நிற்கின்றன, ஒன்றைச் சொன்னால் மற்றது தானே வரும்.

இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு 2022 ஆகஸ்ட் 7 நடந்ததை அவர்களுக்குச் சொன்னேன். இஸ்ரோவின் சின்ன ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம். 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற விட வேண்டிய செயற்கைக்கோள்களை, எட்டம் 356, கிட்டம் 76 என்ற பாதையில் விட்டுவிட்டது. 76 கிலோமீட்டரில் இன்னும் காற்று இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்துக்கு வரும்போது காற்று இழுக்கும், கலம் தாங்காது. நான் முடிப்பதற்குள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "கிட்டம் ரொம்பக் கிட்ட வந்துட்சு, அதான் போச்சு" என்றாள். பரீட்சைத் தாளில் இதை எழுதினால் அவளுக்கு மார்க் கிடைக்குமா? நீங்கள் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டால் கிடைக்கும்.

அதேபோல தோல்வியைச் சொல்லும் சொற்களையும் பாருங்கள். 2021 ஆகஸ்டில் ஜி.எஸ்.எல்.வி. எப்-10 விழுந்தபோது 'அனாமலி' என்ற சொல் வந்தது. 2025 மே 18 அன்று பி.எஸ்.எல்.வி. சி-61 தோற்றபோது மூன்றாம் கட்டத்தில் ஓர் 'அப்சர்வேஷன்' என்றார்கள். பொறியாளர்கள் தங்களுக்குள் கவனமாகப் பேசும் முறை அது. காரணம் உறுதியாகும் வரை யாரையும் எதையும் குற்றம் சொல்லாத ஒழுக்கம் அது, அதை மதிக்கிறேன். ஆனால் அதை அப்படியே 'கவனிப்பு' என்றோ 'உற்றுநோக்கல்' என்றோ தமிழாக்கினால், "பாத்ததாலயா ராக்கெட்டு வுழுந்துச்சு?" என்று கேட்கும் பிள்ளைக்கு நான் என்ன சொல்வேன்? மூன்றாம் கட்ட மோட்டாருக்குள் அழுத்தம் குறைந்துவிட்டது என்று இஸ்ரோ தலைவர் நாராயணன் அன்றைக்கே சொன்னார். அது தெளிவான பேச்சு. ஆகவே 'கோளாறு' என்று எழுதுங்கள். "இன்ஜின் கோளாறு" என்று வயர்லெஸ்ஸில் ஒரு குரல் வந்தால் எங்கள் கரையில் யாரும் யாரையும் பழிப்பதில்லை. உடனே யார் போட்டு பக்கத்தில் இருக்கிறது என்று கேட்கிறோம். தோல்விச் செய்தியைப் புரிந்துகொண்ட சனங்கள் அடுத்த முறை இன்னும் ஆசையாக மாடி ஏறுவார்கள்.

விண்வெளி வீரர் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீரர் என்றால் போருக்குப் போகிறவர். 'அஸ்ட்ரோநாட்' என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் நட்சத்திர மாலுமி என்று பொருள். நம்மிடம் கடலோடி இருக்கிறார். 'விண்ணோடி' என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைப் பாடப் புத்தகத்தில் ஏற்றுங்கள். இந்தியா தன் ராக்கெட்டிலேயே ஆட்களை அனுப்பப்போகும் ககன்யான் பயணத்துக்குத் தேர்வான நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அவர் மேலே போகும் நாளில் எங்கள் ஊர்க்காரர்கள் அவரை மாலுமி முறையில் வழியனுப்ப ஆசைப்படுகிறார்கள்.

எங்கள் சுவரில் இப்போது 41 சொற்கள் இருக்கின்றன. எல்லாமே சரி என்று நான் சொல்லவில்லை. நீங்கள் படித்தவர்கள், இலக்கணம் பார்த்து அடிக்க வேண்டியதை அடியுங்கள். ஆனால் அறைக்குள் உட்கார்ந்து அடிக்காதீர்கள். ஒருமுறை வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில்தான் நிற்கும், ஆட்கள் வலை பின்னிக்கொண்டு, படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டு பேசக் கிடைப்பார்கள். பிள்ளைகளுக்கும் அப்போது லீவு. காலையில் துறைமுகத்தில் காது கொடுங்கள், மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிடுங்கள், சாயங்காலம் மாடிக்கு வாருங்கள்.

வரும்போது ஒரு சொல்லோடு வாருங்கள். 'டெலிமெட்ரி' எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. புத்தகத்தில் தொலைஅளவியல் என்று இருக்கிறது, அது எங்கள் விதியில் தேறவில்லை. ராக்கெட் தன் சூட்டையும் அழுத்தத்தையும் வேகத்தையும் ஒவ்வொரு நொடியும் தானே கீழே சொல்லிக்கொண்டே போவதற்கு ஒரு பெயர் வேண்டும். ஆயாவிடம் கேட்டேன். "போனவன் அங்கங்க நின்னு சேதி சொல்லிக்கினே போறான், அதுக்கு இன்னா பேரு? நல்ல புள்ளைன்னு பேரு" என்றாள். தொட்டிச் சுவரின் கீழ்வரிசையில், வலது பக்கம், அதற்காக ஒரு சாண் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
காசிமேட்டு ஐஸ் பேக்டரியில் கணக்கு எழுதுகிறவள், பிள்ளைகளுக்கு அக்கா